நான் சொன்ன சாட்சி

நம் பெண்கள் ஐக்கியத்துக் குழுவில் போன வாரம் வந்த செய்தியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சபையின் ஆண்டு மலருக்கு 'கனியுள்ள வாழ்க்கை' என்ற தலைப்பில் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தரவேண்டுமாம். கைபேசியில் அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் சும்மா இருந்தேன். உங்களில் சிலர் அதற்குள் எழுதிக் கொடுத்தும் விட்டீர்கள். ஒருத்திக்கு நோய் நீங்கியது, இன்னொருத்தியின் மகனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. சந்தோஷம். எனக்கு அப்படி எழுத வராது. யாராவது எழுந்து நின்று சாட்சி சொன்னால் நான் சொல்கிறவரைப் பார்ப்பதில்லை, பக்கத்தில் இருக்கும் அவர் வீட்டுக்காரியின் முகத்தைத்தான் பார்ப்பேன். அறுபது தாண்டியும் அந்தப் புத்தி போகவில்லை. அது எங்கே ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியும். அதைத்தான் எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்குள் அடங்காது. மலரில் போட வேண்டாம், நீங்கள் படித்தால் போதும்.

அப்போது எனக்குப் பத்து வயது. தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், மேட்டு லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பராவில் இருந்தோம். அம்மா கொழுந்து பறித்தாள். அப்பா கவ்வாத்து வெட்டினார். முற்றிப்போன தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடும் வேலை அது. கத்தி பிடிக்கிற மணிக்கட்டில் பலமும் வேண்டும், நிதானமும் வேண்டும். தன் பங்குக்கு வந்த செடிகளை வெட்டி முடித்துவிட்டால் கவ்வாத்துக்காரர் ஒரு மணிக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். பெண்கள் ஐந்து மணி வரை மலையில் நிற்பார்கள். அந்தச் சும்மா கிடந்த பொழுதுதான் அப்பாவைக் கெடுத்தது என்பாள் அம்மா. ஆற்றங்கரையில் மூங்கில் பத்தைக்குள் கசிப்பு என்கிற கள்ளச் சாராயம் காய்ச்சினார்கள். அப்பாவின் கால்களுக்கு அந்தப் பாதை நன்றாகத் தெரியும்.

அதற்கு முந்திய வருடம், அம்மன் கோயில் தேர் இழுத்த அன்று பட்டப்பகலில், அப்பா குடித்துவிட்டுத் தன் கூட்டாளி ஒருவரைப் பிடித்துத் தள்ளிவிட்டார். என்ன பேச்சில் தகராறு வந்தது என்று இருவருக்குமே பிறகு ஞாபகம் இல்லை. அவர் கல்படியிலிருந்து உருண்டு கீழே விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டு அவிழ்த்தபோது கை கோணலாக நின்றுவிட்டது. அவரும் கவ்வாத்துக்காரர்தான், அதுவும் அப்பாவைவிடக் கெட்டிக்காரர் என்று சொல்வார்கள். அதற்குப் பிறகு அவரால் கத்தி பிடிக்க முடியவில்லை. பெண்களோடு புல் பிடுங்க அனுப்பினார்கள்.

அவர் குடும்பம் ஆற்றுப் பக்கம் கீழே இருந்த பணிய லயத்தில் இருந்தது. நான் அவரை மாமா என்று கூப்பிட்டு வளர்ந்தவள். கை முறிந்த பிறகு எங்கள் வீட்டில் அவர் 'அந்த ஆளு' ஆகிவிட்டார். பீலியில் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் அவர் மனைவி அம்மாவைப் பார்த்து, "ஞாயித்துக்கிழம பாட்டு, மத்த நாளு அடிதடி. நல்ல வேதம்" என்றாள். அம்மா குடத்தை அப்படியே கீழே வைத்துவிட்டு அவளிடம் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. வீட்டுக்கு வந்து எங்களுக்கு ஒரு சட்டம் போட்டாள்.

"அந்த வாசல மிதிச்சவங்க யாரா இருந்தாலும் இந்த வாசல மிதிக்கக் கூடாது."

யாரா இருந்தாலும் என்றால் அப்பாவும்தான்.

அடுத்த வருடம் பெரிய வெள்ளி கழிந்து இரண்டு வாரத்தில் அப்பா குடியை விட்டார். அழுது புரண்டெல்லாம் விடவில்லை. எங்கள் தோட்டத்துத் தகரக்கூரைக் கோயிலுக்குப் போதகர் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார்தான் ஆராதனை நடத்துவார். அவர் ஒரு வியாழக்கிழமை வீட்டு ஜெபத்துக்கு வந்துவிட்டுக் குடையை விரிக்கும்போது, அப்பா கூரை ஓரத்தில் நின்று, "விட்டுட்டேங்கய்யா" என்றார். உபதேசியாருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் குடையை மடக்கிவிட்டு மறுபடி உள்ளே வந்து இன்னொரு ஜெபம் செய்தார். அம்மா கண்ணை மூடவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கெப்படித் தெரியும் என்றால், நானும் மூடவில்லை.

அம்மா நம்பவில்லை என்பது சின்ன வார்த்தை. நம்பாமல் இருப்பதை அவள் ஒரு வேலையாகவே செய்தாள். மலையிலிருந்து வந்ததும் கூடையை இறக்குவாள். மழைக்கு இடுப்பில் கட்டிய படங்கு நனைந்து சொட்டிக்கொண்டிருக்கும். அதை அவிழ்க்கும் முன்னே ஆணியில் தொங்கிய அப்பாவின் கறுப்புக் கோட்டை எடுத்து மோந்து பார்ப்பாள். பிறகு துண்டு. பிறகு அப்பா தண்ணீர் கொண்டுபோகும் போத்தல். அந்தக் கோட்டு தோட்டத்தை ஆண்ட பழைய தொரை ஒருவர் போட்டுக் கழித்தது, முழங்கையில் சாக்குத் துண்டு வைத்துத் தைத்திருக்கும். அதன் ஈரக் கம்பளி வாடை இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. நீங்களும் லயத்தில் வளர்ந்தவர்கள்தான், அந்த மாதிரிக் கோட்டுகள் எங்கே போயின என்று யாருக்காவது தெரியுமா?

அப்பா அந்த நாட்களில் கராம்பு மெல்லத் தொடங்கியிருந்தார். வாய் நமநமக்கும்போது அதை அடக்கத்தான் என்று இன்றைக்கு எனக்குப் புரிகிறது. அம்மாவுக்கு அது வேறு மாதிரிப் பட்டது.

"ஒண்ணும் இல்லாட்டி எதுக்குக் கராம்பு?" என்று பக்கத்துக் காம்பரா அக்காவிடம் கேட்டாள். "வாசத்த மறைக்கத்தானே?"

கராம்பு மணக்காத நாளில், "இன்னைக்கு மெல்லவே இல்ல. என்னா தைரியம்" என்பாள். அப்பா சிரித்துப் பேசினால் அது போதையாக இருக்கும். பேசாமல் படுத்தால் போதை இறங்கிய களைப்பாக இருக்கும். கொட்டி மழை பெய்த ஒருநாள் முழங்கால்வரை சேற்றோடு வந்தார். "எங்க விழுந்து எந்திரிச்சீங்க?" என்று கேட்டாள். அப்பா பதில் சொல்லாமல் பீலிக்குப் போய்க் கால் கழுவிவிட்டு வந்தார். அப்படிப் பேசாமல் போவதுதான் அம்மாவை இன்னும் எரிய வைத்தது. பழைய அப்பாவாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு சட்டியாவது உடைந்திருக்கும்.

அதற்குள் உபதேசியார் ஒரு காரியம் செய்தார். நல்லெண்ணத்தில்தான் செய்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், இந்த வருடம் நம் சபையில் ஒரு மரம் காய்த்திருக்கிறது என்று சொல்லி, அப்பாவை எழுந்து சாட்சி சொல்லக் கூப்பிட்டார். அப்பா ஆண்கள் பக்கத்தில் கடைசி வாங்குப் பலகையில் இருந்தார். எழுந்தார். துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டார்.

"இன்னும் ஒண்ணும் காய்க்கலீங்கய்யா. காச்சா அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

கோயிலில் ஒரு முணுமுணுப்பு. உபதேசியாரின் முகம் சுருங்கியது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பெண்கள் அதையே பேசினார்கள். மறைக்க ஒன்றும் இல்லாதவன் ஏன் சாட்சி சொல்லப் பயப்படுகிறான்? ஆண்டவர் சமூகத்தில் பொய் சொல்லக் கூச்சமாக்கும்.  அம்மாவின் நடை வேகமாகிக்கொண்டே போனது.

ஆடி மழை பிடித்த ஒரு வாரத்தில் பக்கத்துக் காம்பரா அக்கா செய்தி கொண்டுவந்தாள். காய்ச்சல் என்று வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தவள், அப்பா தினமும் ஒன்றரை மணிக்கு ஆற்றுப் பாதையில் இறங்குவதைப் பார்த்திருக்கிறாள். நாலரைக்குத்தான் ஏறி வருகிறாராம்.

"நான் ஒண்ணும் சொல்லல தங்கச்சி. பாத்தத சொன்னேன்" என்றாள்.

அன்றைக்கு அம்மா எனக்குத் தலை வாரிவிட்டாள். சாயங்காலம் தலை வாரும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. பேன் பார்ப்பதுபோல் குனிந்து காதுக்குள் சொன்னாள்.

"நாளைக்கு மத்தியானம் ஸ்கூல் விட்டு வந்ததும் அப்பா பின்னாடி போ. கிட்ட போவாத. குடிக்கிறாரான்னு மட்டும் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு."

எனக்குப் பயமாக இருந்தது என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். உண்மை என்னவென்றால் எனக்குப் பெருமையாக இருந்தது. தம்பிக்குக் கொடுக்காத வேலையை எனக்குக் கொடுத்திருக்கிறாள்.

மறுநாள் பனிமூட்டம் கீழே இறங்கியிருந்தது. அப்பாவின் கறுப்புக் கோட்டு முன்னால் போவதும் மறைவதுமாக இருந்தது. அட்டை ஏறிய காலைத் தட்டிவிட்டுக்கொண்டு பின்னால் போனேன். மூங்கில் பத்தைக்குப் பிரியும் இடம் வந்தது. அப்பா அந்தப் பக்கம் திரும்பவில்லை. நேரே பணிய லயத்தின் பின்பக்கம் போனார். எனக்கு அதுவே திக்கென்றது. அம்மா போட்ட சட்டம் எனக்குத் தெரியுமே.

நான் ஒரு கொய்யா மரத்துக்குப் பின்னால் நின்றேன். பனி விலகும்போது கொஞ்சம் தெரியும், பிறகு மூடும். அந்த மாமா ஒரு கல்லில் உட்கார்ந்து கோணல் கையை மடியில் வைத்திருந்தார். அப்பா அவருக்கு முன்னால் நின்றார். மாமா ஏதோ ஏசுகிற சத்தம் கேட்டது, வார்த்தை விளங்கவில்லை. பனி மூடியது. நெடுநேரம் கழித்து மறுபடி விலகியபோது, மாமாவின் மனைவி ஒரு தகர டம்ளரைக் கொண்டுவந்து அவரிடம் கொடுத்தாள். அவர் அதை இடது கையால் வாங்கி அப்பாவிடம் நீட்டாமல் தரையில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்பா குனிந்து அதை எடுத்தார். உடனே குடிக்கவில்லை. கொஞ்சநேரம் கையில் வைத்திருந்தார். பிறகு ஒரே மூச்சில் குடித்தார். புறங்கையால் வாயையும் கண்ணையும் துடைத்தார்.

நான் பார்க்க வந்ததைப் பார்த்துவிட்டேன். ஓடினேன்.

அம்மா மலையிலிருந்து வந்து கோட்டைக்கூட மோந்து பார்க்கவில்லை. என்னைக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"குடிச்சாரா?"

"குடிச்சாரு."

"என்னாத்துல?"

"தகர டம்ளர்ல. அந்த மாமா வீட்டுல."

"அவன் வீட்டுலயா?" என்றாள். "கைய ஒடச்சதுக்குப் பழி வாங்குறான். மறுபடி குடிக்கப் பழக்குறான். குடிச்சதும் மொகத்த சுளிச்சாரா?"

இந்த இடத்தை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அப்பா முகம் சுளித்ததை நான் பார்த்தேனா? அவர் முகம் எனக்குப் பக்கவாட்டில்தான் தெரிந்தது. ஆனால் அம்மா கேட்ட விதத்தில் எந்தப் பதில் வேண்டும் என்பது இருந்தது.

"ஆமா" என்றேன். "சுளிச்சாரு."

அடுத்த நாள் பகல் கொழுந்து தராசில் நிறுத்ததும் அம்மா கங்காணியிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். பக்கத்துக் காம்பரா அக்கா உபதேசியாரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். நான் வழிகாட்ட வேண்டுமாம். மழை தூறிக்கொண்டிருந்தது. உபதேசியார் வெள்ளை வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சறுக்கும் பாதையில் எங்களுக்குப் பின்னால் வந்தார்.

பனி இல்லாத நாள் அது. பணிய லயத்தின் பின்னால் ஒரு காய்கறித் தோட்டம் தெரிந்தது. லீக்ஸும் கோவா என்கிற முட்டைக்கோசும் போட்ட பாத்திகள் வரிசையாக இருந்தன. அப்பா மம்பட்டியால் மண் அணைத்துக்கொண்டிருந்தார். முழங்கால்வரை சேறு. அந்த மாமா அதே கல்லில் இருந்தார்.

அம்மா பாத்தியை மிதித்துக்கொண்டே நடந்து போனாள்.

"விட்டுட்டேன்னு யார ஏமாத்துனீங்க?" என்று கேட்டாள். "என்னையா, ஐயாவையா, ஆண்டவரையா? நேத்து இந்த வீட்டுல குடிச்சீங்க. எம் புள்ள கண்ணால பாத்திருக்கு."

அப்பா என்னைப் பார்த்தார். நான் அக்காவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்தேன். அவர் கையில் மம்பட்டி இருந்தது. எங்கள் எல்லோருக்கும் அந்தக் கையைத் தெரியும். உபதேசியார் ஒரு அடி பின்னால் வைத்ததை நான் பார்த்தேன். அப்பா மம்பட்டியை மெதுவாகக் கீழே படுக்க வைத்தார், அது தூங்குகிற ஒன்று மாதிரி.

"புள்ள பாத்தது நெசந்தான்" என்றார். "குடிச்சேன்."

"கேட்டீங்களா ஐயா" என்று அம்மா திரும்பினாள்.

கல்லில் இருந்தவர் எழுந்தார்.

"அது தேத்தண்ணி" என்றார்.

அம்மா அவரைப் பார்க்காமலே, "நீங்க பேசாதீங்க" என்றாள்.

"நான் பேசாம இருந்தா நீ பொய்யத்தான் எடுத்துட்டுப் போவ. கேட்டுட்டுப் போ தங்கச்சி." அவர் குரல் உயரவே இல்லை. "மூணு மாசமா இந்தாளு இங்க வர்றாரு. நான் வரச் சொல்லல. மொத நாளு நாய அவுத்து விட்டேன். மறுநாளும் வந்தாரு. ஒன் கையால செய்ய முடியாதத நான் செய்றேன்னாரு. வாய்க்கு வந்தபடி ஏசுனேன். தெனமும் ஏசுறேன். ஒரு வார்த்த திருப்பிச் சொன்னதில்ல. இந்தக் காடு கெடந்த கெட இவளுக்குத் தெரியும்." மனைவியைக் காட்டினார். அவள் வாசலில் நின்றாள், அம்மாவைப் பார்க்கவில்லை. "நேத்துதான் மொத தடவையா என் வீட்டுத் தேத்தண்ணிய குடுத்தேன். அதுவும் கையில குடுக்க மனசு வரல, தரையில வச்சேன்."

தூறல் கோவா இலையில் விழும் சத்தம் கேட்டது.

"இவர நான் மன்னிச்சிட்டேன்னு எவனும் நெனைக்காதீங்க" என்றார் அவர். "மன்னிக்கல. ஆனா குடிச்சாருன்னு சொன்னா அது பொய்."

உபதேசியாருக்குக் கண் கலங்கிவிட்டது. "இதுதானய்யா கனி" என்று அப்பாவின் தோளில் கைவைத்தார். "இத ஞாயித்துக்கிழம சபையில சொல்லணும். நீ சொல்லாட்டி நான் சொல்றேன்."

"வேணாங்கய்யா" என்றார் அப்பா.

"சொன்னீங்கன்னா மறுநாளே இந்தாளு என் காட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது" என்றார் மாமா. "என் கைய வச்சு நீங்க பேர் எடுக்க வேணாம்."

உபதேசியார் கையை எடுத்துக்கொண்டார். பாவம், அவர் மனம் முழுக்க நல்ல எண்ணம்தான். வந்த ஞாயிறு அவர் அதைப் பேசவில்லை. எவ்வளவு கஷ்டப்பட்டு அடக்கினார் என்பது அவர் ஜெபத்தில் தெரிந்தது.

அன்று சாயங்காலம் அம்மா ரொட்டி தட்டினாள். அப்பாவுக்கு முதலில் வைத்தாள். மன்னிப்புக் கேட்கும் பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. அவள் மனதிலிருந்து சந்தேகம் ஒரேயடியாகப் போய்விட்டது என்றும் சொல்லமாட்டேன். ஒரு மாதம் கழித்தும், அப்பா இல்லாத நேரத்தில் அவள் அந்தக் கோட்டருகே நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் தூசி தட்டுவதுபோல் தட்டினாள்.

அப்பா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தண்டனையாக இருந்தது. எப்போது கேட்பார் என்று காத்திருந்தே நான் பெரியவளானேன். அதற்குப் பிறகு அவர் ஒருமுறை தவறினார், அவருடைய அண்ணன் செத்த அன்று. வீட்டுக்குள் வராமல் வெளியே நின்று, "இன்னைக்குக் குடிச்சிட்டேன்" என்று அவரே அம்மாவிடம் சொன்னார். அதன்பிறகு இல்லை. அந்தக் காய்கறித் தோட்டத்துக்குப் போவதையும் மாமாவின் பிள்ளைகள் தலையெடுக்கும்வரை விடவில்லை. மன்னித்தேன் என்று மாமா எப்போதாவது சொன்னாரா என்பது எனக்குத் தெரியாது. சொல்லியிருந்தாலும் அப்பா எங்களிடம் சொல்லியிருக்கமாட்டார்.

கடைசியில் அவர் நுவரெலியா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான்தான் பக்கத்தில் இருந்தேன். ஒரு பகலில் போர்வையைச் சரிசெய்துவிட்டு, நாற்பது வருடமாக வாயில் வைத்திருந்ததைச் சொன்னேன்.

"அன்னைக்கு நீங்க மொகத்த சுளிச்சத நான் பாக்கலப்பா. அம்மா கேட்டாங்கன்னு சொல்லிட்டேன்."

அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார், இருமல் வந்தது.

"சுளிச்சிருப்பேன்" என்றார். "அவன் சீனியே போடல. வேணும்னேதான் போடல."

அவ்வளவுதான். நான் பொய் என்று நினைத்த சுளிப்பு மெய்யாக இருந்தது, மெய் என்று சொன்ன குடி பொய்யாக இருந்தது. சாட்சிகளைக் கேட்கும்போது நான் ஏன் பக்கத்து முகத்தைப் பார்க்கிறேன் என்பது இப்போது உங்களுக்குப் புரியும். அந்தப் பார்வையிலும் எனக்கு நம்பிக்கை இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இன்னும் ஒரு நாளைச் சொல்லாமல் இதை முடிக்க மனமில்லை. அது அதே மழைக்காலம்தான், அந்தச் சண்டை நடந்து இரண்டு வாரம் இருக்கும். காலையிலிருந்து விடாத மழை. அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன நான் அவளோடுதான் திரும்பினேன். கடைசிக் கொழுந்து நிறுத்துவிட்டு எல்லாப் பெண்களும் லயத்துக்கு ஏறினார்கள். அம்மா பாதை பிரியும் இடத்தில் கொஞ்சம் நின்றாள். பிறகு கீழே இறங்கினாள். எங்கே என்று நான் கேட்கவில்லை.

மேலேயிருந்து வந்த வெள்ளம் மாமாவின் தோட்டத்து ஓரத்தை அறுத்துக்கொண்டிருந்தது. அப்பா சேற்றில் மண்டியிட்டுக் கல் அடுக்கிக்கொண்டிருந்தார். மாமா தோளால் ஒரு பலகையை முட்டுக்கொடுத்து நின்றார். அவர் மனைவி ஆற்றங்கரையிலிருந்து ஒவ்வொரு கல்லாகச் சுமந்து வந்தாள். எங்களைப் பார்த்ததும் அவள் நின்றாள். அந்தத் தேர்த் திருவிழாவுக்குப் பிறகு அவளும் அம்மாவும் நல்லபடியாக ஒரு வார்த்தை பேசியதில்லை.

"மழையில நிக்காதீங்க" என்றாள். "உள்ள போயி உக்காருங்க."

அம்மா உட்காரப் போகவில்லை. திரும்பிப் போகவும் இல்லை. கூடையை இறக்கி என்னிடம் கொடுத்தாள். சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு சேற்றில் இறங்கி, மாமா மனைவியின் கையிலிருந்த கல்லை வாங்கி அப்பாவிடம் நீட்டினாள்.